ஊர்ல தனியா இருக்கற அம்மா அப்பாவ எப்படி பாத்துக்கறது: எல்லாத்தையும் வீட்டுக்கே வரவெச்சு நான் பண்ண தப்பு

அப்பா 2021ல போனாரு. அம்மா கும்பகோணத்துல தனியா, நான் பெங்களூர்ல. என் கூட வந்துடும்மான்னா "அந்த பத்தாவது மாடில உக்காந்து நான் என்ன பண்றது, இங்கன்னா வாசல்ல நாலு பேர் போவாங்க வருவாங்க"ன்னு ஒரே போடா போட்டுட்டாங்க. சரி இங்கேருந்தே பாத்துக்கலாம்னு ஒரே வாரத்துல எல்லாத்தையும் செட் பண்ணேன். ஈபி பில் என் போன்லேருந்து, கேஸ் புக்கிங் என் போன்லேருந்து, மளிகை டோர் டெலிவரி, மாத்திரை மாசாமாசம் பார்சல்ல, பால் பாக்கெட் விடிகாலைல கேட்ல தொங்கற பைல. அம்மா செருப்பு போட வேண்டிய அவசியமே இல்லாம பண்ணிட்டேன்னு ஆபீஸ்ல வேற பெருமையா சொல்லிக்கிட்டு திரிஞ்சேன்.

ஒன்றரை வருஷம் கழிச்சு ஒரு நாள் காலைல 11 மணிக்கு போன் பண்றேன், அம்மா குரல் கரகரன்னு கட்டிப்போயி வருது. சளியாம்மான்னு கேட்டா "இல்லடி, இன்னிக்கு இப்பதான் வாயத் தொறக்கறேன்"னாங்க. நேத்து யாரும் வரலையான்னு கேட்டேன். "நேத்து நீ போன் பண்ணல"ன்னாங்க. அவ்ளோதான். குறையா கூட சொல்லல, சும்மா தகவலா சொன்னாங்க, எனக்குதான் அன்னிக்கு வேலையே ஓடல.

இத எழுதறது என்ன மாதிரி வெளியூர்ல, வெளிநாட்டுல உக்காந்துக்கிட்டு அம்மா அப்பாவ ரிமோட்ல பாத்துக்கற ஆளுங்களுக்கு. நான் டாக்டர் இல்ல. இந்த ரெண்டு மூணு வருஷத்துல தேடித் தேடிப் படிச்சதும் அம்மாகிட்ட திட்டு வாங்கிக் கத்துக்கிட்டதும்தான் இது.

மொதல்ல ஒரு விஷயம், தனியா இருக்கறது வேற, தனிமைல தவிக்கறது வேற. தனியா இருந்துக்கிட்டு காலைல கோயில், சாயங்காலம் திண்ணைன்னு ஜோரா இருக்கற பாட்டிங்க இருக்காங்க. மகன் மருமக பேரன்னு ஆறு பேர் இருக்கற வீட்டுல ஆளுக்கு ஒரு போன வெச்சுக்கிட்டு இருக்க, ஹால்ல டிவி முன்னாடி பேச்சுத்துணையே இல்லாம இருக்கற தாத்தாவும் இருக்காரு. அதனால "எங்கம்மா எங்க கூடதான் இருக்காங்க, இது எங்களுக்கில்ல"ன்னு தள்ளிட்டுப் போயிடாதீங்க.

மனசு சம்பந்தப்பட்ட விஷயம்தானே, உடம்புக்கு என்னன்னு நானும் நெனச்சேன். 2010ல அமெரிக்காவுல ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாட்ங்கற ஆராய்ச்சியாளர் தன்னோட குழுவோட 148 ஆய்வுகள, மொத்தம் 3 லட்சத்துக்கு மேல ஆளுங்க தகவல, ஒண்ணா சேத்துப் பாத்தாங்க. நல்ல உறவு பழக்கவழக்கம் இருக்கறவங்க அந்த ஆய்வுக் காலத்துல உயிரோட இருக்கற வாய்ப்பு மத்தவங்களவிட 50 சதவீதம் அதிகம்னு வந்துச்சு. 2020ல அமெரிக்க தேசிய அகாடமிகள் போட்ட அறிக்கைல ஆள் பழக்கம் குறைஞ்சவங்களுக்கு இதய நோய் ஆபத்து 29 சதவீதமும் பக்கவாதம் 32 சதவீதமும் கூடுது, மறதி நோய் கிட்டத்தட்ட 50 சதவீதம் கூடுதுன்னு இருக்கு. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூன்ல விட்ட அறிக்கை இன்னும் ஒரு படி மேல போயி, தனிமையால உலகம் முழுக்க வருஷத்துக்கு 8 லட்சத்து 71 ஆயிரம் சாவுங்குது, அதாவது மணிக்கு 100 பேர். இதுல ஒரு சிக்கலும் இருக்கு, உடம்பு சரியில்லாததாலயே வெளிய போகாம முடங்கறவங்களும் இருக்காங்க, எது மொதல்ல வந்துச்சுன்னு பிரிச்சுப் பாக்கறது கஷ்டம். என் அனுபவத்துல ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுத்துக்கிட்டுதான் போகும்.

உள்ள என்ன நடக்குதுன்னா, பேச ஆள் இல்லாத உடம்பு எப்பவும் கொஞ்சம் பதட்டத்துலயே இருக்குமாம், கார்டிசால் மாதிரி ஹார்மோன் ஏறி பிபி ஏறும், தூக்கம் கெடும். ஆனா எங்க வீட்டுல நான் பாத்தது இதவிட சாதாரண வழி. ஒரு ஆளுக்கு என்னத்த சமைக்கறதுன்னு அம்மா அடுப்பு பத்த வைக்கறதையே குறைச்சுட்டாங்க. கிரைண்டர்ல துணி போட்டு மூடியிருந்துச்சு. காலைல காபி, மத்தியானம் முந்தாநேத்து வத்தக்குழம்பு, ராத்திரி ரெண்டு பிஸ்கட். நடை இல்லாததால கால்ல சதை போச்சு, சதை போனதால நடக்க பயம். மாத்திரைய போட்டோமா இல்லையான்னு கேக்க ஆளில்லாததால ரெண்டு தடவை போட்டதும் உண்டு, போடாததும் உண்டு.

இத எப்படி கண்டுபிடிக்கறது? "தனியா இருக்க கஷ்டமா இருக்காம்மா"ன்னு மட்டும் கேக்காதீங்க. எனக்கென்ன குறைச்சல்னுதான் பதில் வரும், நம்ம ஆளுங்க வாயில வேற பதில் வராது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்து அளவுகோல் ஒண்ணு இருக்கு, மூணே கேள்வி: துணை இல்லையேன்னு எவ்ளோ தடவை தோணுது, ஒதுக்கி வெச்சுட்டாங்கன்னு எவ்ளோ தடவை தோணுது, மத்தவங்ககிட்டேருந்து தனிச்சுப்போயிட்ட மாதிரி எவ்ளோ தடவை தோணுது. ஒவ்வொண்ணுக்கும் 1லேருந்து 3 மார்க், மொத்தம் 6ஓ அதுக்கு மேலயோ வந்தா கவனிக்கணும்னு பொதுவா எடுத்துக்கறாங்க. டாக்டர் கேட்டா ஒருவேளை பதில் சொல்லுவாங்க, நாம கேட்டா எடுபடாது. அதுக்கு பதிலா நான் கேக்கறது "நேத்து யார் யாரப் பாத்த?" பேர் வரணும். பூக்காரம்மா, எதிர்வீட்டு மாமின்னு பேர் பேரா வந்தா சரி. "யாரப் பாக்கறது, எல்லாரும் அவங்கவங்க வேலைய பாக்கறாங்க"ன்னு வந்தா சரியில்ல.

ஊருக்குப் போகும்போது கண்ணாலயும் பாருங்க. பிரிட்ஜத் தொறங்க, என்ன இருக்குன்னு இல்ல, என்ன பழசா இருக்குன்னு பாருங்க. மாத்திரை அட்டைல மிச்சத்த எண்ணுங்க. டிவி சவுண்ட் எவ்ளோல இருக்கு, காலண்டர்ல தேதி கிழிச்சிருக்கா, நல்ல புடவை எல்லாம் மடிச்ச மடிப்பு கலையாம அப்படியே இருக்கா. எங்கம்மா காலண்டர்ல ஒன்பது நாள் கிழிக்கல, தினமும் ராசிபலன் பாத்துட்டு கிழிக்கற ஆளு.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். கல்யாணம் காதுகுத்துன்னு கூப்ட்டா வரமாட்டேங்கறாங்கன்னா பிடிவாதம், வயசாச்சுன்னு விட்டுடாதீங்க. வரமாட்டேங்கற பேச்சுக்குப் பின்னாடி பெரும்பாலும் வெளிய சொல்லக் கூச்சப்படற ஒரு உடம்புப் பிரச்சனை ஒளிஞ்சிருக்கும். எங்கம்மாவுக்கு ரெண்டு இருந்துச்சு.

ஒண்ணு யூரின் அடக்க முடியாதது. மண்டபத்துல பாத்ரூம் எங்கயோ மாடில இருக்கும், பஸ்ல போனா நிறுத்த மாட்டாங்க, அந்த பயத்துல தண்ணியே குடிக்காம போறது, இல்லன்னா போறதையே விட்டுடறது. இத பொண்ணு நான் கேட்டே ஆறு மாசம் கழிச்சுதான் சொன்னாங்க, பையன்கிட்ட எந்த அம்மா சொல்லுவாங்க? டாக்டர்கிட்ட போனா இன்பெக்‌ஷன் இருக்கான்னு பாத்தாங்க, இடுப்புக்குக் கீழ தசைய இறுக்கி விடற பயிற்சி சொல்லிக்கொடுத்தாங்க, பிபிக்கு சாப்பிடற நீர் மாத்திரைய எத்தனை மணிக்குப் போடறதுன்னு மாத்திக்கொடுத்தாங்க. நீங்களா மாத்தாதீங்க, அவங்க சொல்லிதான் மாத்தணும். பாதி பிரச்சனை அங்கயே தீந்துச்சு.

ரெண்டாவது காது. கூட்டத்துல என்ன பேசறாங்கன்னு புரியாம, எல்லாரும் சிரிக்கும்போது சும்மா கூடச் சிரிச்சு, ஒரு கட்டத்துல "உனக்கு ஒண்ணும் புரியாது விடு"ன்னு யாரோ சொல்ல, அன்னியோட போக்குவரத்து நின்னுடுச்சு. 2024ல லான்செட் மருத்துவ இதழோட மறதி நோய்க் குழு, சரிபண்ணா மறதி நோயத் தள்ளிப்போடக்கூடிய 14 காரணம்னு பட்டியல் போட்டாங்க, அதுல காது கேளாமைக்கு 7 சதவீதம், ஆள் பழக்கம் இல்லாததுக்கு 5 சதவீதம் பங்கு. என்னைக் கேட்டா ரெண்டையும் சேத்தே எண்ணணும், காது போனா பேச்சு போகும், பேச்சு போனா ஆளும் போயிடுவாங்க. அதனால மொதல்ல காதுல குரும்பி அடைச்சிருக்கான்னு காட்டுங்க, சில பேருக்கு அத எடுத்தாலே தீந்துடும். அப்புறம் காது டெஸ்ட், அரசு ஆஸ்பத்திரி காது மூக்கு தொண்டை பிரிவுலயும் காட்டலாம். மிஷின் வாங்கினா ஒரே நாள்ல முழுநேரமும் போடச் சொல்லாதீங்க. எங்கம்மா மொத நாள் போட்டுக்கிட்டு "குழாயத் தொறந்தா குத்தாலம் மாதிரி கேக்குதுடி"ன்னு கழட்டி டப்பால போட்டுட்டாங்க. தினம் ஒரு மணி நேரம் வீட்டுக்குள்ள, அப்புறம் ரெண்டு மணி நேரம், அப்புறம் வாசல்னு ஒரு மாசம் ஆச்சு பழக. கண்புரை, ஆடற பல்லு, முட்டிவலி இதெல்லாம் கூட இதே கதைதான், ஒவ்வொண்ணா கேட்டு முடிச்சு வைங்க.

ஞாபக மறதின்னு தெரிஞ்சா உடனே பயந்து மறதி நோய்னு முடிவு கட்டாதீங்க. தைராய்டு, பி12, ரத்தத்துல சோடியம் இதெல்லாம் குறைஞ்சாலோ தப்பினாலோ வயசானவங்க அதே மாதிரி தடுமாறுவாங்க. அம்மாவுக்கு பி12 ரொம்பக் கம்மி, ஊசி போட்டாங்க. சென்னைல கிண்டில 2024லேருந்து முதியோர்களுக்குன்னே 200 படுக்கை அரசு மருத்துவமனை இருக்கு, பக்கத்துல இருக்கறவங்க அங்க காட்டலாம்.

இதெல்லாம் முடிஞ்சப்புறம் நான் பண்ண வேலை, நானே செட் பண்ணத ஒவ்வொண்ணா கலைச்சது. பாதி பேர் இத ஒத்துக்க மாட்டாங்க, வயசான காலத்துல அவங்கள ஏன் அலைய விடறன்னு சித்தப்பா சண்டைக்கே வந்தாரு. ஆனா யோசிச்சுப் பாருங்க, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ஈபி ஆபீஸ் கவுன்டர்ல நிக்கறது, ரேஷன் கடைல கைரேகை விழல விழலன்னு நாலு தடவை அழுத்தறது, மருந்துக் கடைப் பையன்கிட்ட பாக்கி சில்லறைக்கு சண்டை போடறது, இதுதான் அம்மாவோட ஊரு. நான் வசதின்னு நெனச்சுப் புடுங்குனது அவங்க பேசிப் பழகற ஆளுங்களத்தான். நடக்க முடியாதவங்களுக்கு டோர் டெலிவரி வரப்பிரசாதம், வயசானவங்களுக்கு ரேஷன் வீட்டுக்கே வர்ற தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்ட்ல வந்தது நல்ல விஷயம்தான். நடக்க முடிஞ்சவங்களுக்கு அதையே பழக்கிவிட்டா கதவு சாத்திக்கும்.

பால ஒரு வேளைக்கு பூத்துல போயி வாங்கச் சொன்னேன். மருந்த ஒரே தடவையா மாசம் முழுசுக்கும் வாங்காம பாதிப் பாதியா. டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு 2021லேருந்து டிக்கெட் இல்லையே, அதனால வாரத்துல ரெண்டு நாள் பஸ் ஏறி கோயிலுக்கோ உழவர் சந்தைக்கோ. சென்னைல இருக்கற 60 வயசு தாண்டினவங்களுக்கு மாசம் 10 இலவச பஸ் டோக்கன் உண்டு, ஆம்பளைங்களுக்கும் சேத்துதான். விழுந்துட்டா என்ன பண்றதுன்னு எனக்கும் பயம் இருந்துச்சு, அதுக்கு வெயிலுக்கு முன்னாடி போறது, கைல குச்சி, கழுத்துல போன், அவ்ளோதான் ஏற்பாடு. வீட்டுக்குள்ள விழறவங்களும் நெறைய பேர், அங்க யாரும் தூக்கிவிட வரமாட்டாங்க. பாத்ரூம்ல கைப்பிடி போட்டு, உள்தாழ்ப்பாள போடாம பழக்குங்க.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க, "போயி நாலு பேரோட பழகு"ன்னு சொன்னா எந்த வயசானவங்களும் போகமாட்டாங்க, அவமானமா இருக்கும். ஒரு வேலையக் கொடுத்தா போவாங்க. எங்கம்மா சீனியர் சிட்டிசன் சங்கத்துக்கு ஒரே நாள் போயிட்டு "எல்லாம் கிழடுங்க, சுகர் எவ்ளோ சுகர் எவ்ளோன்னு பேசறாங்க"ன்னு திரும்பி வந்துட்டாங்க, 74 வயசுல! அதே அம்மா, தெருக்கோடி வீட்டுப் பொண்ணு (புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீடு) "மாமி வடாம் மாவு பதம் சொல்லிக்குடுங்க"ன்னு வந்து நின்னப்ப மொட்டை மாடி ஏறி இறங்கினாங்க. இப்ப அந்த வீட்டுக் குழந்தை ஸ்கூல் விட்டு வந்து அதோட அம்மா வர்ற வரைக்கும் எங்கம்மாகிட்டதான் இருக்கு. அதுக்காக கிரைண்டர்ல துணிய எடுத்தாச்சு, குழந்தை தோசைதான் கேக்குமாம். தமிழ்நாடு அரசு 2025ல அன்புச்சோலைன்னு பகல்நேர முதியோர் மையம் ஆரம்பிச்சிருக்காங்க, காலைல போயிட்டு சாயங்காலம் வந்துடலாம், பக்கத்துல இருந்தா போய்ப் பாருங்க, எல்லாரும் எங்கம்மா மாதிரி முறைச்சுக்க மாட்டாங்க.

அப்பா தனியா இருக்காருன்னா இன்னும் கஷ்டம். சொந்தபந்தம், யாருக்கு எப்ப சீமந்தம், யார் வீட்டுக்கு மொய் பாக்கி எல்லாம் அம்மா நோட்டுலதான் இருக்கும், அம்மா போனதும் அந்தக் கயிறே அறுந்துடும். ஆம்பளைங்க சும்மா உக்காந்து பேச மாட்டாங்க, கைல ஒரு காரணம் வேணும், பேப்பர் படிக்க நூலகம், டீக்கடை பெஞ்ச், கோயில் கணக்கு, தெரு சங்கத்துல பொருளாளர். வீட்டுக்கு பேப்பர் போடறத நிறுத்திட்டு கிளை நூலகத்துக்கு அனுப்பின ஒரு பிரெண்டு இருக்கா, அவ அப்பா மூணு நாள் திட்டினாரு, நாலாவது நாள் போனாரு.

அமெரிக்கா கனடான்னு அம்மா அப்பாவ கூட்டிட்டுப் போனவங்களுக்கு ஒரு வார்த்தை. அங்க அவங்களுக்கு கார் இல்ல, பாஷை சரியா வராது, பக்கத்து வீடு யாருன்னு தெரியாது, நீங்க ரெண்டு பேரும் ஆபீஸ். ஜெயில்தான் அது, பனி விழற ஜெயில். நடந்து போற தூரத்துல பார்க்கோ நூலகமோ இருக்கற வீடா பாருங்க, வாரத்துல ஒரு நாள் கோயிலுக்குக் கொண்டுபோய் விட்டுட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்க, கூடவே நிக்காதீங்க.

போன் பேசறது பத்தி. "உன் போன் வந்தாலே செக்கிங் இன்ஸ்பெக்டர் வந்த மாதிரி இருக்குடி"ன்னாங்க ஒரு நாள். உண்மைதான், சாப்டியா, மாத்திரை போட்டியா, பிபி பாத்தியா, வெச்சுடவா, இதுதான் என் பேச்சு. இப்ப நேரம் மாத்தாம தினம் சாயங்காலம் 6.30க்கு, பத்து நிமிஷம், அதுல நான் அவங்ககிட்ட ஏதாவது கேக்கணும்னு ரூல். அப்பளக் குழம்புக்கு வெந்தயம் எப்ப போடறது, பெரியத்தை ஏன் நம்ம வீட்டோட பேசறதில்ல. ஞாயித்துக்கிழமை வீடியோ கால போட்டு அடுப்புப் பக்கத்துல வெச்சுட்டு அவங்க பாட்டுக்கு சமைப்பாங்க, நான் பாட்டுக்கு துணி மடிப்பேன், பெருசா பேச மாட்டோம்.

இன்னொரு ஆபத்து, பேச ஆளில்லாதவங்க ராங் கால் வந்தாக்கூட வைக்க மாட்டாங்க. போலீஸ் பேசறேன், பேங்க்லேருந்து பேசறேன்னு வர்ற திருட்டுப் பசங்களுக்கு இவங்கதான் குறி. பணம் போயிட்டா உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடிங்க, எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது. அம்மாவ திட்டாதீங்க, திட்டினா அடுத்த தடவை சொல்லவே மாட்டாங்க.

"எமன் எப்ப வருவானோ"ங்கறது நம்ம ஊர்ல பேச்சு வழக்குதான், ஆனா அதோட சாப்பாடு இறங்காம, விடிகாலை மூணு மணிக்கே முழிப்பு தட்டி, நகைய அள்ளி அள்ளிக் கொடுக்க ஆரம்பிச்சா அது வழக்கு இல்ல. வயசானவங்களுக்கு மனச்சோர்வு அழுகையா வராம உடம்பு வலியா, வயிறு எரிச்சலா, எரிஞ்சு விழறதா வரும். தள்ளிப்போடாம டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, நேராவே "சாகணும்னு தோணுதா"ன்னு கேளுங்க, கேட்டா தூண்டிவிட்ட மாதிரி ஆகாது. அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்நேரமும் தமிழ்லயே பேசலாம். முதியோர் உதவிக்குன்னே இருக்கற எல்டர்லைன் 14567.

கடைசியா ஆள் இருக்காங்களான்னு தெரிஞ்சுக்கற ஏற்பாடு. கேமரா மாட்டலாம்னேன், அம்மா "நான் என்ன நகைக்கடையா"ன்னுட்டாங்க. அதனால கோலம். காலைல 7 மணிக்குள்ள வாசல்ல கோலம் இல்லன்னா எதிர்வீட்டு மாமி வந்து கதவத் தட்டணும், மாமிகிட்ட ஒரு மாத்துச் சாவி, என் நம்பர் அவங்க பிரிட்ஜ் மேல ஒட்டியிருக்கு. போன ஐப்பசில ஒரு நாள் நல்ல மழை, கோலம் போட முடியல, மாமி குடைய புடிச்சுக்கிட்டு சாவி போட்டே தொறந்து உள்ள வந்துட்டாங்க, அம்மா பல்லு விளக்கிக்கிட்டு நிக்கறாங்க, ரெண்டு பேருக்கும் ஒரே சண்டை, அப்புறம் அங்கயே காபி. இப்ப ரூல் மாத்தியாச்சு, மழைன்னா 7 மணிக்கு வாசல் லைட்ட ரெண்டு தடவை போட்டு அணைக்கணும்.